இல்லாத ஒருவருக்காக அழுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல ஆண்டுகளாக நான் தொடர்ந்து படித்துவந்த நாவல் வரிசையின் கடைசிப் பாகம் சென்ற மாதம் வெளியானது. நான் மிகவும் நேசித்த பாத்திரம் அதில் இறந்துவிடுகிறது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ‘காகிதத்தில் இருக்கும் ஆளுக்கா இந்த அழுகை?’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். எங்கள் ரசிகர் குழுவிலோ முடிவை ஏற்றவர்களும் எதிர்ப்பவர்களும் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் பிரிந்துவிட்டோம். நான் எதிர்ப்பவர்கள் பக்கம். இது மனப் பலவீனமா? குழுவிலிருந்து விலகிவிடலாமா? அந்த நாவல்களை இனி மறுபடியும் படிக்க முடியும் என்றும் தோன்றவில்லை.

ம.

அன்புள்ள ம.,

பலவீனம் இல்லை. ஒருவரை நாம் எப்படி அறிகிறோம்? அவர் பேசுவதைக் கேட்டு, செய்வதைப் பார்த்து, அடுத்து என்ன செய்வார் என்று ஊகித்து. பாத்திரத்தையும் அதே வழியில்தான் அறிகிறோம். சொல்லப்போனால், கூடவே வாழ்கிறவர்களின் மனதுக்குள் நம்மால் நுழைய முடிவதில்லை. நாவல் அந்தக் கதவையும் திறந்துவிடுகிறது. அப்படிப் பழகியவர் போனால் கலங்காமல் இருக்க முடியுமா? இல்லாதவர் என்று தெரிந்தும் எப்படி அழுகிறோம் என்று தத்துவ ஆசிரியர் காலின் ராட்ஃபோர்ட் 1975இல் ஒரு கட்டுரையில் கேட்டார். அதற்குப் பதில் சொல்வதில் தத்துவக்காரர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் முடிவுக்கு வரும்வரை நீங்கள் அழுகையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுகிறவர்களோடு நேயர்கள் கொள்ளும் ஒருதலை உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இல் எழுதினார்கள். அந்தச் சிந்தனை பின்னர் கதைமாந்தருக்கும் விரிந்தது. பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரம் இனி வராது என்றால் எப்படி இருக்கும் என்று ஆய்வாளர் ஜோனதன் கோஹன் நேயர்களிடம் கேட்டு 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நிஜ உறவுகளில் கைவிடப்படுவோமோ என்று அஞ்சும் இயல்புடையவர்களே இங்கும் அதிகம் வருந்துவோம் என்றார்கள். கதைக்குள் போவதற்கென்று நம்மிடம் தனியாக ஒரு மனம் இல்லை. இருக்கும் ஒன்றோடுதான் போகிறோம்.

இதுவரை நான் உங்கள் பக்கம். குழுச் சண்டையில் இல்லை.

1893 டிசம்பரில் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை ஓர் அருவியில் முடித்துவைத்தார். 20,000 பேருக்கு மேல் அந்தக் கதைகள் வெளிவந்த பத்திரிகையின் சந்தாவை நிறுத்தினார்கள் என்பார்கள். ஒரு பெண்மணி ‘மிருகமே’ என்று தொடங்கிக் கடிதமே எழுதினார். 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். வாசகர்கள் நினைத்தால் ஆசிரியரைப் பணியவைக்கலாம் என்பதற்கு இதை உங்கள் குழுவிலும் யாராவது எடுத்துக்காட்டியிருப்பார்கள். எனக்கு அந்தப் பெண்மணியின் கோபம் பிடிக்கும். அது ஹோம்ஸுக்காக எழுந்த கோபம். எதிர் அணி என்று ஒன்று அதற்குத் தேவைப்படவில்லை.

உங்கள் குழுவில் நடப்பது வேறு. சமூக உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு சோதனையில், இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்ற சாக்கில் பள்ளிச் சிறுவர்களை இரு அணியாக்கினார். பிறகு மற்றவர்களுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னார். யார் என்றே தெரியாத தன் அணிக்காரனுக்குச் சிறுவர்கள் அதிகம் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை: எதிர் அணியைவிட மிஞ்சி நிற்க முடியுமென்றால், தங்கள் அணிக்கு வருவது குறைந்தாலும் பரவாயில்லை என்கிற போக்கும் தெரிந்தது. ஓவியத்தைப் பற்றி யாருக்குக் கவலை? இறந்துபோன அந்தப் பாத்திரத்தைப் பற்றி உங்கள் குழுவில் யாராவது பேசி எத்தனை நாள் ஆகிறது?

விலகச் சொல்லமாட்டேன். உங்கள் துக்கத்தைக் கேலி செய்யாத வேறு இடம் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை போலிருக்கிறது. எதிர்த்தரப்பில் ஒருவரிடம், அந்தப் பாத்திரத்தை அவருக்கு எந்த இடத்தில் பிடித்துப்போனது என்று தனியாகக் கேட்டுப்பாருங்கள். வசை வந்தால் கிளம்பிவிடுங்கள்.

மறுவாசிப்புக்கு வருகிறேன். முடிவு தெரிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். எல்லோரும் அறிந்த வரலாற்று முடிவையே ‘நடக்குமா, நடக்காதா’ என்ற தோரணையில் எழுதிக் கொடுத்து உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் சோதித்திருக்கிறார். அதைப் படித்தவர்களுக்கு, அது நடந்ததுதான் என்று உறுதிசொல்லச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. படிக்கும்போது, தெரிந்ததை ஓரமாக வைத்துவிட மனத்துக்குத் தெரிகிறது. ஆகவே முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். அந்த அத்தியாயம் வரும்போது, இந்த முறை அவர் தப்பிவிடுவார் என்றுதான் நினைப்பீர்கள்.