ரோபோட்டிக்ஸ் வகுப்புக்காகச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் களுவாஞ்சிகுடியில் தரம் 9 படிக்கிறாள். ரேடியோ, மின்விசிறி என்று எது பழுதானாலும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். ஒரு தனியார் நிலையத்தில் ரோபோட்டிக்ஸ், கோடிங் படிக்க ஒரு வருடத்துக்கு 72,000 ரூபாயும் உபகரணப் பெட்டிக்கு 28,000 ரூபாயும் முன்கூட்டியே கேட்கிறார்கள். கெம்பஸ் கிடைக்கவும் உதவுமாம். கணவர் மேசன் வேலை. என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்: சகோதரி, தயவுசெய்து வைக்க வேண்டாம். மகளின் ஆர்வம் பெரிய சொத்து. ஆனால் அவள் தொடங்குவதற்கு அந்த ஒரு லட்சம் தேவையே இல்லை.

வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 16 என்று வைத்தாலும் ஒரு லட்சத்துக்கு 16,000 ரூபாய். மார்கழி மழையில் மேசன் வேலை நின்றுபோனால் தவணை தவறும், அப்புறம் நகை ஏலத்துக்குப் போகும். நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது!

கெம்பஸ் கதையை நம்பாதீர்கள். அரச பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை, அதாவது பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் புள்ளியை, வைத்துத்தான். தனியார் சான்றிதழ் அதில் எதையும் கூட்டாது. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. உங்கள் மட்டக்களப்பும் பக்கத்து அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவளுக்கு வழி திறப்பது கணிதமும் விஞ்ஞானமும்தான். தரம் 10க்குப் பாடம் தெரியும்போது தகவல் தொழில்நுட்பத்தை எடுக்கச் சொல்லுங்கள், பாடசாலையிலேயே காசில்லாமல் படிக்கலாம்.

சரி, இப்போதே என்ன செய்யலாம்? அந்த 28,000 ரூபாய்ப் பெட்டியில் அநேகமாக ஆர்டுயினோ என்ற, கோட் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகையும் சென்சர்களும் இருக்கும். அதே மின்சுற்றுகளை டிங்கர்கேட் இணையதளத்தில் கணினித் திரையிலேயே பொருத்தி, கோட் எழுதி, ஓட்டிப் பார்க்கலாம். முற்றிலும் இலவசம். பிழையாக இணைத்தாலும் உண்மையில் எதுவும் எரியாது, திரும்பத் திரும்ப முயலலாம். கழற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியாது. வீட்டில் கணினி இல்லையென்றால் பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தை வாரத்தில் ஒரு நாள் மாலையில் திறந்துவிட முடியுமா என்று அதிபரிடம் நேரே போய்க் கேளுங்கள்.

கோடிங்குக்கு முதலில் ஸ்கிராட்ச் என்ற, கட்டங்களை இழுத்துப் பொருத்திப் பழகும் இலவசத் தளம், பிறகு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாகத் தரும் பைதன் என்ற கணினி மொழிப் பாடம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற விஞ்ஞான, கணிதச் செயல்விளக்கங்கள் பல தமிழிலும் இருக்கின்றன. பாடப் பயிற்சிக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையதளம் இருக்கிறது. ஒலிம்பியாட், புத்தாக்கப் போட்டிகள் பற்றிய விவரத்துக்கு உங்கள் ஊரிலேயே பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. விஞ்ஞானப் பாட ஆசிரிய ஆலோசகரைக் கேளுங்கள். சுற்றறிக்கை பாடசாலைக்கு வந்து, பிள்ளைகளின் காதுக்கு எட்டாமல் அலுமாரியில் கிடப்பது எனக்கு மிகவும் கவலை தரும் விடயம்.

இலவசம் என்றாலும் டேட்டாவுக்கும் போட்டிகளுக்குக் கொழும்பு போய் வரவும் செலவு உண்டு. கணவருக்கு வேலை உள்ள மாதங்களில் 2,500 ரூபாய் ஒதுக்குங்கள். அதை மகளின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட வேண்டாம், பொதுவாக 18 வயதுவரை எடுக்க விடமாட்டார்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு போதும். பயணம் இல்லாத வருடங்களில் மிஞ்சுவது பாவித்த மடிக்கணினி ஒன்றுக்கு அடித்தளமாகும்.

இன்னொன்று. "உங்கள் பிள்ளை சர்வதேசப் போட்டிக்குத் தெரிவாகிவிட்டாள், பதிவுப் பணம் அனுப்புங்கள்" என்று செய்தி வந்தால், பாடசாலையில் உறுதிப்படுத்தாமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

ஆறு மாதம் இப்படிப் போகட்டும். அப்போதும் அவள் விடாமல் செய்துகொண்டிருந்து, நேரில் சொல்லித்தர ஒருவர் வேண்டும் என்று கேட்டால் அந்த நிலையத்துக்குப் போங்கள். மாதாமாதம் கட்டலாமா, பெட்டியை வாங்காமல் அங்கேயே பாவிக்கலாமா, இடையில் நின்றால் மீதிப் பணம் திரும்புமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் சேர்க்காதீர்கள்.