மண்டேலா நாணயம் வாங்க இன்னொரு டாப்-அப் போடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 47. பிடித்தங்களுக்கு முன் மாதச் சம்பளம் 24,000 ராண்ட். என் அக்கா வீட்டுக்காரர் நினைவு நாணயங்கள் வாங்கி விற்கிறார். நான்கு வருடமாக அவரிடம் கிரேடிங் (தர மதிப்பெண்) செய்த மண்டேலா ஐந்து ராண்ட் நாணயங்கள் வாங்குகிறேன். முதலில் 20,000 ராண்ட் தனிநபர் கடன் எடுத்தேன். அப்புறம் அதே கடனின் மேல் மூன்று முறை டாப்-அப், அதாவது கூடுதல் கடன். இன்று பாக்கி 60,000, வட்டி 24 சதவீதம். விலை ஏறிக்கொண்டே போவதாக அத்தான் பட்டியலைக் காட்டுகிறார். இப்போது ஒரு முழு செட் வந்திருக்கிறதாம். இன்னொரு டாப்-அப் போடு, இல்லையென்றால் ஓய்வூதிய நிதியில் முன்கூட்டியே எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியில் இருக்கும் 28,000 ராண்டை எடு, அதுவும் முடியாவிட்டால் அம்மா விட்டுப்போன கால் அவுன்ஸ் க்ரூகர்ராண்ட் தங்க நாணயத்தைக் கொடுத்து மாற்றிக்கொள் என்கிறார். மறுத்தால் அக்கா வருத்தப்படுவாள். வீட்டில் ஒரு டப்பாவில் நாற்பது சாதாரண மண்டேலா காசுகளும் சேர்த்து வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: செட்டை வாங்க வேண்டாம். அதைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் பிரச்சினை நாணயமே இல்லை, அந்த டாப்-அப்.

நான்கு வருடம் ஒழுங்காகத் தவணை கட்டியிருக்கிறீர்கள். 20,000-இல் தொடங்கிய கடன் 60,000-இல் நிற்கிறது. ஒவ்வொரு டாப்-அப்பிலும் பழைய பாக்கியைப் புதுக் கடனுக்குள் போட்டு, முப்பத்தாறு மாதத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார்கள். கடனின் ஆரம்ப மாதங்களில்தான் வட்டி அதிகம் போகும். நீங்கள் எப்போதும் அந்த ஆரம்ப மாதங்களிலேயே இருக்கிறீர்கள். இன்றைய பாக்கிக்கு முதல் மாத வட்டி மட்டும் 1,200 ராண்ட். தவணை 2,350 என்று வையுங்கள், பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது.

இனி எதையும் சேர்க்காமல் மூன்று வருடம் கட்டினால் மொத்தம் சுமார் 84,700. மாதச் சேவைக் கட்டணமும் கடன் காப்பீடும் சேர்ந்தால் 90,000-ஐத் தாண்டும். இதுவரை கட்டியதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இந்த 90,000-ஐ நாணயம் திருப்பித் தர வேண்டும் என்றால் என்ன விலைக்குப் போக வேண்டும்? டீலர் பட்டியல் விலைக்கு வாங்க மாட்டார். அவருக்கும் கடை வாடகை இருக்கிறது. முப்பது சதவீதம் குறைத்துக் கேட்டால், பட்டியலில் சுமார் 1,28,600 என்று இருந்தால்தான் உங்கள் கையில் 90,000 வரும். அதாவது மூன்று வருடத்தில் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால், உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அத்தானின் பட்டியலுக்கு வருவோம். அது விற்பவர் கேட்கும் விலை. 2000-ஆம் ஆண்டு மண்டேலா சிரித்த முகத்தோடு வந்த ஐந்து ராண்டும், 2008-இல் அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு வந்ததும் லட்சக்கணக்கில் அடித்துப் புழக்கத்தில் விட்டவை. நாளைக்கு விலை போகும் என்று அப்போதே பளபளப்பாக எடுத்து வைத்தவர்கள் ஏராளம். கிரேடிங் என்பது எழுபதுக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிக் கொடுப்பது. 68, 69 வாங்கிய காசு குறைவாக இருக்கும் வரை அதற்கு விலை இருக்கும். ஆனால் விலை ஏறியது தெரிந்ததும் டப்பாவில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தங்கள் காசைக் கிரேடிங்குக்கு அனுப்புகிறார்கள். அதே மதிப்பெண் வாங்கும் காசுகள் பெருகும். போன வருடம் அபூர்வமாக இருந்தது இந்த வருடம் பத்தோடு பதினொன்றாகிவிடும்.

1898-இன் 'ஒற்றை ஒன்பது' நாணயத்தின் கதையையும் அத்தான் சொல்லியிருப்பார். அந்தப் பழைய தங்கப் பவுண்டு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. அதைக் காட்டி லட்சக்கணக்கில் அடித்த காசை விற்பதைக் கேட்டால் எனக்குச் சலிப்புதான் வருகிறது. தங்கத்திலும் வெள்ளியிலும் குறைந்த எண்ணிக்கையில் வரும் நினைவு நாணயங்களின் விலை ஏறியிருப்பது உண்மை. அதில் பெரும் பங்கு உலோகத்துக்கு. உங்கள் ஐந்து ராண்டின் உலோகத்தை உருக்கினால் கையில் கறைதான் மிஞ்சும்.

க்ரூகர்ராண்டைக் கொடுத்துச் செட்டை மாற்றிக்கொள்ளும் யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள். 1967-இலிருந்து அடிக்கும் இந்த 22 காரட் நாணயத்தில் ராண்ட் மதிப்பே எழுதியிருக்காது. அன்றைய தங்க விலைதான் அதன் விலை. எந்த டீலரிடம் போனாலும் கிட்டத்தட்ட ஒரே தொகை சொல்வார்கள். கறாராகக் கணக்குப் பார்த்தால், 24 சதவீத வட்டி ஓடும்போது அதையும் விற்றுக் கடனில் போடச் சொல்ல வேண்டும். சொல்ல மனம் வரவில்லை, அது அம்மாவின் காசு. முதலில் பிளாஸ்டிக் பெட்டிகள் போகட்டும்.

ஓய்வூதியத்தில் கை வைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் இந்தச் சேமிப்புப் பகுதி வந்ததிலிருந்து பலர் அதை ஏடிஎம் போலப் பார்க்கிறார்கள். எடுக்கும் தொகை உங்கள் வருமானத்தோடு சேரும். உங்கள் சம்பள அளவில் இந்தத் தொகைக்கு 26 சதவீத வரி. 28,000-இல் 7,280 போய், கையில் வருவது 20,700 சொச்சம். நிர்வாகக் கட்டணம் வேறு. ஒரு நாணயம் வாங்குவதற்குள் கால் பங்கு காணாமல் போகிறது.

இந்தச் சனிக்கிழமை கிரேடிங் செய்த நாணயங்களில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டு டீலர்களிடம் போங்கள். வாங்கிய விலையைச் சொல்லாதீர்கள். "எவ்வளவுக்கு எடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொகை நெஞ்சை அடைக்கலாம். அப்புறம் அத்தானிடம் போய், "உங்க பட்டியல் விலைக்கே வேண்டாம் அத்தான், நான் கொடுத்த விலைக்கே நீங்க எடுத்துக்குங்க" என்று சொல்லுங்கள். எடுத்துக்கொண்டால் நல்லது. தயங்கினால் பட்டியலைப் பற்றி இனிப் பேச்சு வேண்டாம், வெளியே விற்றுவிடுங்கள்.

எல்லாம் சேர்த்து 15,000 ராண்டுதான் கிடைக்கிறது என்று வைப்போம். அடிமாட்டு விலைதான். ஆனாலும் அதை மொத்தமாகக் கடனில் கட்டிவிட்டு, தவணையை அதே 2,350-இல் வைத்திருந்தால், முப்பத்தாறு மாதம் இருபத்தைந்தாகக் குறையும். வட்டியில் மட்டும் சுமார் 12,000 மிச்சம். அலமாரியில் இருக்கும் காசு இதற்கு ஈடாக ஏறப்போவதில்லை. தேசியக் கடன் சட்டப்படி இந்த அளவுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கட்டும்போது மாதங்களைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். தவணையைக் குறைத்துத் தருகிறோம் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டாப்-அப் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டாம் என்றும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

அக்கா விஷயம். நீங்கள் கடன் வாங்கித்தான் இதெல்லாம் வாங்குகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தம்பியிடம் மிச்சப் பணம் இருக்கிறது, ஆசைக்கு வாங்குகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம், அத்தானும்தான். அக்காவிடம் தனியாகக் கடன் ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்கள், பாக்கி எழுதியிருக்கும் பக்கத்தை. விளக்கம் வேண்டியிருக்காது.

டப்பாவில் இருக்கும் நாற்பது காசுகளின் மதிப்பு 200 ராண்ட். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு மீதியைக் கடையில் செலவழியுங்கள்.