வராதவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம் அல்ல

கேள்வி: எங்களுடையது தென் மாவட்டத்தில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பதிவேட்டில் 160 குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்கள் எண்பது, தொண்ணூறு பேர்தான். கிறிஸ்துமஸ் அன்றும் டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் மட்டும் நிற்க இடம் இருக்காது. வராதவர்களைக் கொண்டுவர மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடத்தலாம் என்கிறது கமிட்டி. பந்தல், ஒலிபெருக்கி, வெளியூர்ப் பிரசங்கியார் என்று செலவு கொஞ்சமல்ல. பலன் இருக்குமா? கிறிஸ்தவர் அல்லாத அக்கம்பக்கத்தாரையும் அழைக்கலாமா? – ஒரு சபைச் செயலர்

பதில்: நற்செய்திக் கூட்டம் நடத்துங்கள், தவறில்லை. ஆனால் வராதவர்களுக்காக நடத்துகிறோம் என்று கணக்கு எழுதாதீர்கள். முன்வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஞாயிறுதோறும் வருகிற அதே எண்பது பேர், அவர்களோடு பக்கத்துச் சபைகளிலிருந்து வரும் அதே மாதிரியான எண்பது பேர். கூரை போட்ட ஆலயத்துக்கே வராதவர் பந்தலுக்கு மட்டும் ஏன் வரப்போகிறார்? ஒலிபெருக்கி அவர் வீட்டுக்குள் பிரசங்கத்தைக் கொண்டு சேர்க்கும், உண்மைதான். வீட்டில் பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தச் சாட்சியின் பலன் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் சபைப் பதிவேட்டைத் திறங்கள். ஒரு மாலை சபை ஊழியரையும், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நெடுநாளாக இருக்கும் இரண்டு அம்மாமாரையும் உட்காரவைத்து, பெயர் பெயராக வாசியுங்கள். யார் எப்போது வருவதை நிறுத்தினார், அதற்கு முந்தின மாதம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது கமிட்டிக்குத் தெரியாது. அந்த அம்மாமாருக்குத் தெரியும். வாசித்து முடிக்கும்போது 'வராதவர்கள்' என்று எதுவும் மிஞ்சாது. ஆளுக்கொரு காரணத்தோடு தனித்தனி வீடுகள்தான் மிஞ்சும்.

சில காரணங்களுக்கு மருந்து சுலபம். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும், இரவுப் பணி முடித்து வரும் நர்சுக்கும் ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனை எட்டாது. மாதம் இரண்டு முறையாவது மாலையில் ஓர் ஆராதனை வையுங்கள். 2020 ஊரடங்கில் யூடியூப் வழியாக ஆராதனை பார்க்கத் தொடங்கிய முதியவர்கள் சிலர் இன்னும் அப்படியே இருப்பார்கள். முழங்கால் வலிக்காரரை அதற்காகக் கடிந்துகொள்வது நியாயமில்லை. போதகர் ஐயரவர்களை அவர்கள் வீட்டுக்கு அனுப்பித் திருவிருந்து (நற்கருணை) கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போனவர்களின் பெயர் மட்டும் உங்களிடம் தங்கியிருக்கும். அந்தந்த ஊர்ப் போதகருக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போதும். பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டவர்களை அவர்கள் வழியில் விட்டுவிடுங்கள். அவர்கள் காணாமற்போனவர்கள் அல்லர், இடம் மாறியவர்கள். திருப்பி இழுத்துவருவதற்குச் சுவிசேஷ ஊழியம் என்று பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இவர்களைக் கழித்த பிறகு எஞ்சுபவர்கள் காயப்பட்டுப் போனவர்கள். உங்கள் நேரமெல்லாம் இங்கேதான் செலவாக வேண்டும்.

காரணங்கள் புதிதாக இருக்காது. சபைச் சந்தா பாக்கி என்று சபையின் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்திருப்பார்கள். பாக்கியைக் கட்டினால்தான் கல்யாண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்போம் என்று யாரோ ஒருவர் நாலு பேர் முன்னால் சொல்லியிருப்பார். கமிட்டித் தேர்தலில் தோற்ற அணி மொத்தமாக வெளியே நின்றிருக்கும். மகள் வேறு மதத்தில் திருமணம் செய்துகொண்டபோது ஒருவர்கூட வீட்டுப்படி மிதித்திருக்க மாட்டார்கள். சாதியைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள், யாருக்கு எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதை ஊர் மறப்பதில்லை. 1947இல் ஆங்கிலிக்கரும் மெத்தடிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து சி.எஸ்.ஐ. என்ற ஒரே திருச்சபையானதை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு அணிகள் ஒரே திருவிருந்துப் பந்திக்கு வருவதுதான் இன்னும் நடக்கவில்லை.

இந்த வீடுகளுக்கு யார் போவது? ஐயரவர்களை மட்டும் அனுப்பினால் அது 'அலுவல் விசாரிப்பு' ஆகிவிடும். பொருளாளரை அனுப்பவே கூடாது. தணிந்து பேசக்கூடிய, எந்த அணியிலும் சேராத இருவர் போகட்டும். கணவன் மனைவியாக இருந்தால் நல்லது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான வே. சா. அசரியா, 1912இல், இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயர் (பிஷப்) ஆனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, 'சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ' என்று சொல்ல வைத்தார். சபையார் ஒவ்வொருவருக்கும் உரிய வேலை என்று அவர் கருதியதை நாம் சம்பளம் வாங்கும் ஊழியரிடமும் வெளியூர்ப் பிரசங்கியாரிடமும் ஒப்படைத்துவிட்டோம்.

போகிறவர்களிடம் ரசீதுப் புத்தகம் இருக்கக் கூடாது. 'ஏன் கோயிலுக்கு வருவதில்லை?' என்று ஆரம்பிக்கவும் கூடாது, அது குற்றப்பத்திரிகை. 'உங்களைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது, பார்க்க வந்தோம்' என்றால் போதும். எம்மாவு சாலையைப் படித்துப் பாருங்கள், லூக்கா 24. அந்த இரண்டு பேரும் எருசலேமை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட நடந்தவர், திரும்பிப் போங்கள் என்று தொடங்கவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் மனக்குறையைச் சொல்லி முடித்த பிறகுதான் வேதவாக்கியங்களை விளக்கினார். ஊர் வந்ததும் அப்பால் போகிறவர்போலக் காட்டிக்கொண்டார். அவர்கள் வருந்திக் கேட்ட பிறகே வீட்டுக்குள் போனார். உங்கள் குழுவுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கையேடு என்னிடம் இல்லை.

அந்த வீடுகளில் கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் 'இன்னார் வீட்டுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த வீட்டுக் கதவு பிறகு திறக்காது. நம் ஊர்களில் ஜெபக்குறிப்பைவிட வேகமாகப் பரவும் செய்தி கிடையாது. குறை நியாயமானது என்றால், தவறு செய்த தரப்பு அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பதே அடுத்த படி. அதற்குக் கமிட்டி தயாராக இல்லாவிட்டால் இந்தச் சந்திப்புகளைத் தொடங்காமல் இருப்பது மேல்.

உறவு ஓரளவு திரும்பிய பிறகு அழைப்பு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பேராயத்தில் 2004இல் 'ஆலயத்துக்குத் திரும்பும் ஞாயிறு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சபையார் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒருவரை நேரில் அழைத்துக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான். அச்சடித்த அழைப்பிதழை விநியோகிப்பதற்கும், 'ஞாயிற்றுக்கிழமை நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்' என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது கல்யாணத்துக்கு அழைத்த அனுபவமுள்ள எல்லாருக்கும் தெரியும். உங்கள் ஊருக்குப் பொருத்தமான நாள் அறுப்பின் பண்டிகை அல்லது அசனம் என்ற சபை விருந்து. சேர்ந்து சாப்பிடும் நாளில் வெட்கம் குறையும். வந்தவரை 'நெடுநாளுக்குப் பிறகு நம்மிடையே…' என்று மேடையிலிருந்து அறிமுகப்படுத்தும் விபரீதத்தை மட்டும் தடுத்துவிடுங்கள்.

இன்னொரு வாய்ப்பு மே மாதம்தோறும் உங்கள் கண்முன்னே வந்து போகிறது. ஆராதனைக்கு வராத வீடுகளின் பிள்ளைகளும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு (வி.பி.எஸ்.) வருகிறார்கள். கடைசி நாள் நிகழ்ச்சிக்குப் பெற்றோர் வருகிறார்கள். பிறகு அடுத்த மே வரை மௌனம். அதே 2004இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அருகே ஒரு சபையார் 'மெஸ்ஸி சர்ச்' என்று தொடங்கியது கிட்டத்தட்ட நம்முடைய வி.பி.எஸ்.தான், ஆனால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாமல் பெற்றோரும் கூட உட்கார்ந்து கைவேலை செய்வார்கள், கதை கேட்பார்கள், பாடுவார்கள், சாப்பிடுவார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அப்படி ஒன்றை நீங்கள் நடத்தலாம். பந்தல் செலவில் ஓர் ஆண்டு ஓடும் என்று நினைக்கிறேன்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அழைக்கலாம், மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் கூறிவிட்டது. எனவே பரிசு, அரிசி, கல்விக்கட்டணம் எதையும் அழைப்போடு சேர்க்காதீர்கள். உதவி செய்வதானால் அழைப்பில்லாமல் செய்யுங்கள். பிற மதத்துப் பிள்ளைகள் வந்தால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

அவர்களிலும் ஏற்கெனவே இயேசுவை வேண்டிக்கொள்பவர்கள் இருப்பார்கள். ஞானஸ்நானம் பெறாமல், எந்தச் சபையிலும் சேராமல் இயேசுவை வணங்கும் தமிழர்களைப் பற்றி லுத்தரன் மிஷனரி ஹெர்பர்ட் ஹோஃபர் ஆராய்ந்து எழுதிய நூல் 1991இல் சென்னையில் வெளிவந்தது. அவர்கள் தயங்குவதற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குடும்பம் இருக்கிறது, உறவு இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது; 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குச் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் அறிந்தே ஒருவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்றால் அவரை உட்கார விடுங்கள். பெயர், முகவரி கேட்டுப் படிவத்தை நீட்டாதீர்கள்.

கமிட்டியில் நீங்கள் முதலில் கொண்டுவர வேண்டியது சந்தா பாக்கி பற்றிய தீர்மானம். கல்யாணத்தையும் அடக்கத்தையும் பாக்கியோடு முடிச்சுப்போடுவதில்லை என்று அது சொல்ல வேண்டும். பேராய விதிகள் குறுக்கே வந்தால் வறுமையிலிருப்பவர்களின் பாக்கியைப் பெயர் வெளியே வராமல் சபை நிதியிலிருந்து கட்டிவிட வழி செய்யுங்கள். இது நிறைவேறிய பிறகே சந்திப்புக் குழுவை அனுப்புங்கள். பந்தல்காரருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம்.