தசை தானாக ஆறும் என்றால், ஷெல் காயத்துக் குழி ஏன் நிரம்பவில்லை?

கேள்வி: வயலில் வரம்பு கட்டும்போது பிடித்துக்கொண்ட என் கெண்டைக்கால் தசை மூன்று கிழமையில் சரியாகிவிட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் துண்டு பட்ட அப்பாவின் தொடையில் இன்றும் குழி. ஏன்?

இரண்டு காயத்துக்கும் வேலைக்கு வருபவை தசையின் மூலக்கலங்கள்தான். சட்டலைட் செல் என்பார்கள். 1961இல் விஞ்ஞானி அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் இவற்றைக் கண்டு எழுதினார். தசையை ஆக்கும் ஒவ்வொரு நாருக்கும் அதைப் போர்த்திய மெல்லிய உறைக்கும் நடுவே, மூட்டையில் கட்டிவைத்த விதைநெல் மாதிரி உறங்கிக் கிடக்கும். நார் கிழிந்தால் விழித்துப் பெருகும். இதற்கிடையில் வெண்குருதிக் கலங்கள் வந்து செத்த நாரைத் துப்புரவாக்கும். வீக்கமும் நோவும் அந்த நேரத்தில்தான். அப்புறம் மூலக்கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து, பழைய உறைக்குள்ளேயே புது நாராகும். ஒரு பங்கு மட்டும் சேராமல் திரும்ப உறங்கப் போகும். அடுத்த போக விதைநெல் அது.

ஷெல் துண்டு தசையைப் பிய்த்தெறிகிறது. நாரோடு உறையும் நரம்பும் குருதிக்குழாயும் உறங்கிய கலங்களும் போய்விடும். ஓரத்தில் மிஞ்சிய மூலக்கலங்களுக்கு வழிகாட்ட உறை இல்லை. அந்த இடத்தைத் தழும்பு பிடித்துக்கொள்ளும். அது தசை போல வேலை செய்யாது.

மூலக்கல ஊசியால் குழியை நிரப்பலாம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அது இன்னும் ஆய்வு நிலையில்தான். ஆனால் சுற்றியுள்ள தசையைப் பிசியோதெரபியால் பலப்படுத்தலாம், வயது போனாலும். துண்டு உள்ளே இருந்தால், காந்தத்தால் உடலுக்குள் படமெடுக்கும் எம்ஆர்ஐ எடுக்கமுன் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.