தலையில் மாட்டினால் மண்டையில் ஏறுமா? வி.ஆர். வகுப்பு: கேள்வி பதில்

வி.ஆர். என்றால் வர்ச்சுவல் ரியாலிட்டி: கண்ணை மறைக்கும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் உள்ளேயே நிற்பது போலத் தெரியும் மெய்நிகர் உலகம். ஆன்லைன் படிப்புகளுக்கு வி.ஆர். பாடம் தயாரிப்பது என் வேலை. வந்த கேள்விகளில் சில.

சார், நிஜமாகவே யாராவது இப்படிப் பாடம் நடத்துகிறார்களா, எல்லாம் விளம்பரம்தானா? (கல்லூரி ஆசிரியை)

நடத்துகிறார்கள் மேடம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2003 முதல் வி.ஆர். பற்றி ஒரு பாடம் எடுக்கிறார். 2021இல் அதை வி.ஆருக்குள்ளேயே கொண்டுபோனார். அந்த ஆண்டு 263 மாணவர்கள் குவெஸ்ட் 2 ஹெட்செட் மாட்டிக்கொண்டு படித்தார்கள். ஒரே மூச்சில் அரை மணிக்கு மேல் வேண்டாம் என்று சொல்பவரும் அவரேதான்.

அண்ணா, லேப்டாப்பில் படிப்பதைவிட இதில் நன்றாகப் புரியுமா? (முதுகலை மாணவர்)

அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன் தம்பி. மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. 52 மாணவர்கள், ஒரே உயிரியல் ஆய்வகப் பாடம், ஹெட்செட்டிலும் சாதாரணத் திரையிலும். ஹெட்செட்டில் 'அங்கேயே இருப்பது போன்ற' உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனையும் (இ.இ.ஜி.) மூளைக்குச் சுமை அதிகம் என்றே காட்டியது. ஆச்சரியமில்லை. குடுவை கைக்கு எட்டினால் அதைத் தூக்கிப்போட்டு உடைத்துப் பார்க்கத்தான் மனசு போகும், ஓரத்தில் எழுதியிருப்பதை யார் படிப்பார்கள்? அதனால் விரிவுரைக்கும் வாசிப்புக்கும் திரையே போதும். கை பழக வேண்டியது, ஆபத்தானது, சுற்றி நடந்து பார்த்தால்தான் பிடிபடுவது, இவற்றுக்கு மட்டும் ஹெட்செட்டை எடுங்கள்.

எங்கள் தொலைநிலை பி.எஸ்சி.க்கு வி.ஆர். ஆய்வகம் வாங்கலாமா? (துறைத் தலைவர்)

வாங்கலாம் சார், ஆனால் அதே பாடம் லேப்டாப்பிலும் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் கூகுளோடும், மெய்நிகர் ஆய்வகம் தயாரிக்கும் லேப்ஸ்டர் நிறுவனத்தோடும் சேர்ந்து ஆன்லைன் உயிரியல் பட்டப்படிப்புக்கு வி.ஆர். ஆய்வகம் கொண்டுவந்தது. கூகுளின் டேட்ரீம் என்ற வி.ஆர். தளத்தில்தான் அது ஓடியது. அடுத்த வருஷமே கூகுள் டேட்ரீமைக் கைவிட்டது! பல ஆசிரியர்கள் வகுப்பறை கட்டிவைத்திருந்த மொசில்லா ஹப்ஸ் என்ற மெய்நிகர் சந்திப்புத் தளமும் 2024 மே மாதம் மூடப்பட்டது. பாடத்தை ஒரே கம்பெனியிடம் அடகு வைத்தால் இதுதான் கதி.

பத்து நிமிஷத்தில் குமட்டுகிறது. பழகினால் சரியாகுமா?

சிலருக்குச் சரியாகும். நகர்வதாகக் கண் சொல்கிறது, அசையவே இல்லை என்று உள்காது சொல்கிறது. அந்தச் சண்டைதான் குமட்டல். நடப்பதற்குப் பதில் இடம் தாவும் வசதியைப் பயன்படுத்துங்கள், உட்கார்ந்தே பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மட்டும் தொடராதீர்கள். மாணவர் யாருக்காவது இப்படி ஆனால் மாற்றுவழி தரவேண்டியது ஆசிரியர் கடமை, மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது.

செல்போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டி கார்ட்போர்டு போதாதா?

360 டிகிரி வீடியோ பார்க்கப் போதும். தலை திரும்புவது அதற்குத் தெரியும். நீங்கள் ஓரடி முன்னால் வைத்தால் தெரியாது.

கண்ணாடி போட்டிருக்கிறேன், குவெஸ்ட் 2 உள்ளே இடிக்கிறது.

பெட்டியிலேயே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஸ்பேசர் (கண்ணாடிக்கு இடம் விடும் சட்டம்) இருக்கும். தூக்கிப்போட்டுவிட்டீர்களா, பாருங்கள்.