ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது? கல்லூரி உதவித்தொகை: கேள்வி - பதில்

கல்லூரி திறந்ததும் உதவித்தொகை பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இந்த முறை வந்தவற்றில் ஐந்து.

மகள் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்குத் தமிழக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்தில் தோழிகளுக்கெல்லாம் பணம் வருகிறது, இவளுக்கு மட்டும் வரவில்லை. வங்கியில் ஆதார் கொடுத்துவிட்டோம்.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். இணையத்தில் ஏறிவிட்டதா என்று, கல்லூரியில் இதைக் கவனிக்கிற நோடல் அலுவலரிடம் முதலில் கேளுங்கள். ஏறியிருந்தால், தொண்ணூறு சதவீதம் சிக்கல் வங்கியில்தான் என்பேன். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரை இணைப்பது வேறு. பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அந்த எண்ணுக்கு எந்த வங்கி என்பது, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் இருக்கும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான், அதுவும் கடைசியாக இணைத்தது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு ஆறு மாதப் பணமும் ஒழுங்காக வந்திருந்தது. ஆனால் சிம் கார்டு வாங்கிய கடையில் ‘சும்மா’ தொடங்கிக் கொடுத்த கணக்கில்! அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். வங்கியின் பெயரும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். வேறு வங்கி என்றால், உங்கள் கிளையில் டிபிடி (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது) இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். வங்கியில் இழுத்தடித்தால் அஞ்சலக வங்கியில் கணக்கு தொடங்கி அதை இணைத்துவிடலாம்.

எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் ஆர்டிஇ-யில் (கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில்) படித்தேன். பிறகு அரசுப் பள்ளி. எனக்குப் புதுமைப்பெண் கிடைக்குமா?

கிடைக்கும் அம்மா. ஆறு முதல் எட்டு வரை ஆர்டிஇ, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் தகுதி உண்டு. 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்ந்துவிட்டார்கள். வருமான வரம்பு கிடையாது. ஒரு காலத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்ததைத்தான் 2022-இல் படிப்புக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம் என்பது என் கருத்து.

அதை வாங்கிக்கொண்டே மத்திய அரசின் 12,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘வேறு உதவித்தொகை வாங்கினாலும் பரவாயில்லை’ என்கிறது புதுமைப்பெண் விதி. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரப்படும் மத்திய அரசின் உதவித்தொகையோ, மாநில அரசுடையது உட்பட வேறு எதையும் வாங்கக்கூடாது என்கிறது. அதனால் இரண்டில் ஒன்றுதான். மாதம் ஆயிரம், வருடம் பன்னிரண்டாயிரம். கணக்குப் போட்டால் இளங்கலையில் இரண்டும் ஒன்றே. முதுகலை படிக்கிற எண்ணம் இருந்தால் மத்திய அரசுடையதை யோசிக்கலாம், அங்கே வருடம் 20,000. ஆனால் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. மறதிக்காரர்களுக்கு அது சரிப்படாது.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. மேனேஜ்மென்ட் கோட்டாவில் பொறியியல் சேர்ந்துவிட்டேன். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை உண்டா?

இல்லை தம்பி. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் உண்டு. வீட்டில் ஒருவருக்குத்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும். சீட் கிடைக்காதோ என்ற பயத்தில் கலந்தாய்வுக்கு முன்பே பணம் கட்டிச் சேர்கிறவர்கள் இழப்பது இதைத்தான்.

பி.சி. மாணவன் நான். உதவித்தொகைக்குக் கேட்கிற வருமானச் சான்று இன்னும் வரவில்லை. ஆதாரில் அப்பா பெயரோடு முழுப்பெயர், மதிப்பெண் பட்டியலில் இனிஷியல். என்ன செய்வது?

பெயரை முதலில் சரிசெய்யுங்கள். மதிப்பெண் பட்டியலில் கை வைக்காதீர்கள், அது நீண்ட அலைச்சல். அதில் உள்ளபடி ஆதாரை மாற்றுவது சுலபம். ஆனால் ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டு வாய்ப்புதான், எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கொடுங்கள்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தபோது கொடுத்த எண்ணை வைத்து, கோப்பு யாரிடம் நிற்கிறது என்று பார்க்கலாம். வி.ஏ.ஓ.விடம் நின்றால் நேரில் போய்விடுங்கள், ரேஷன் கார்டு, அப்பாவின் ஆதார் இரண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு. உங்களுக்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த ஆண்டுக்கு மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் இ-சேவை மையத்தில் நிற்கிற வரிசை உங்களுக்கே தெரியும்.