மனைவியின் ஊரில் இராத்தங்கலா?

கேள்வி: மட்டக்களப்பு நகரில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். திருமணத்தின் பின் கொக்கட்டிச்சோலைக்கு அண்மையிலுள்ள மனைவியின் ஊரில், அவருக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் இருக்கிறேன். காலை ஆறரைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால் திரும்ப இருட்டிவிடுகிறது. ஒரு வருடமாகியும் என்னோடு நின்று கதைக்க அங்கே எவருமில்லை. நகரில் வாடகை வீடு பார்க்கலாமா? மனைவிக்கு விருப்பமில்லை.

பதில்: அன்புள்ள தம்பி, இப்போதைக்கு வீடு பார்க்க வேண்டாம். தலைக்கவசத்தோடு விரைந்து போகிறவரை மறித்துக் கதைக்க யாருக்கும் மனம் வராது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, நகரில் வேலை பார்த்த படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) ஆட்கள் பலர் பாதை எனப்படும் மிதவையில்தான் வாவியைக் கடந்தார்கள். பாதை வரும்வரை துறையில் காத்து நிற்கையில், யார் வீட்டில் காய்ச்சல், எவருடைய மாடு தொலைந்தது, எந்த வட்டையில் (வயல்வெளியில்) தண்ணீர் வற்றியது என்பதெல்லாம் பேசித் தீர்ந்துவிடும். (பாலத்தை நான் குறை சொல்லவில்லை, நோயாளியோடு நடுச்சாமத்தில் துறையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.) அந்தக் கதைபேச்சு இன்று காலை பஸ்ஸிலும் சந்திக் கடையிலுமே மிஞ்சியிருக்கிறது, ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது பஸ்ஸில் போய் வாருங்கள்.

நீங்கள் மட்டுமே வந்தேறியவர் என்று நினைப்பதும் சரியல்ல. மட்டக்களப்பில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது, வீடும் பெரும்பாலும் பெண்ணுக்கே போகிறது. எனவே அந்த ஊரின் குடும்பத் தலைவர்களில் பலர் உங்களைப்போலவே பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வந்தவர்கள். உங்கள் மாமாவும் அப்படி வந்தவராக இருக்கலாம். முதல் வருடம் எப்படிப் போனது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், நான் எழுதுவதைவிட அவர் பயனுள்ளதாகச் சொல்வார். நாளை பிறக்கும் உங்கள் பிள்ளை தாயின் குடியாகவே பிறக்கும் என்பதையும், அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்வது உங்கள் மனைவிக்கு வெறும் இடமாற்றமாகப் படாது என்பதையும் யோசியுங்கள்.

பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாமாவோடு வட்டைக்குப் போய் அங்குள்ள குடிசையான வாடியில் இருந்து சாப்பிடுங்கள். வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும்போது, உங்கள் மனைவியின் குடிக்குரிய நாளுக்கு முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுங்கள். மரண வீடுகளுக்கு, எவ்வளவு களைப்பானாலும், அன்றிரவே போய்விடுங்கள். படுவான்கரையில் இந்த ஒன்றைத் தவறவிட்டவரை மன்னிப்பது குறைவு.

மார்கழி, தை மாதங்களில் வெள்ளம் வீதியை மறிக்கும்போது அலுவலகத்துக்கு வருவது உண்மையிலேயே கடினம். அந்த நாட்களுக்காக நகரில் கூட்டாளி ஒருவரின் வீட்டில் ஒரு பாயும் தலையணையும் இப்போதே கேட்டு வையுங்கள்.